கடைமடைக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர்

ஆம்ப்ளிஃபையர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எனக்கு ஆடி மாசம். தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர், விடியற்காலை ஐந்து மணிக்கு எல்.ஆர்.ஈஸ்வரி, கீழே கீற்றுக் கொட்டகைக்குள் சிவப்பு விளக்கு எரியும் ஓர் இரும்புப் பெட்டி. தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஊருக்கே கேட்கும்.

போன வருஷம் நான் வாங்கிய ஆம்ப்ளிஃபையர் சட்டைப் பையில் இருக்கிறது. சீட்டுக்கட்டை விடக் கொஞ்சம் பெரிசு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூட அதனால் தொந்தரவில்லை. எனக்கு மட்டும் கேட்கும். போர்ட்டபிள் ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் என்று பெயர். ‘ரிடையர் ஆன வயசில் இதெல்லாம் தேவையா?’ என்று வீட்டில் கேட்டார்கள். நீங்களும் கேட்பீர்கள். சொல்கிறேன்.

காரைக்காலில் தெருவுக்கு ஒருவராவது பிரான்சில் இருப்பார். 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி முழுசாக இந்தியாவோடு இணைந்தோம். பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று சொன்ன குடும்பங்களும் உண்டு. அந்த வழியில் பாரிஸ் போய்ச் சேர்ந்தவன் என் அக்கா பையன். வருஷம் ஒருமுறை வருவான். செண்ட் பாட்டில், சாக்லேட், யாருக்கும் பிடிக்காத ஒரு சீஸ். போன தடவை வந்தபோது பெரிய கறுப்பு ஹெட்போன் ஒன்றைக் கையில் கொடுத்தான்.

‘‘நான் புதுசு வாங்கிட்டேன் மாமா. இது சும்மாதான் கிடக்குது. நீங்கதான் நாயனம் நாயனம்னு உசுரை விடுவீங்களே, வச்சுக்குங்க.’’

சென்ஹைசர் எச்.டி.600. 1997-இல் வந்த மாடல். இன்றைக்கும் பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் மரியாதையாகப் பேசுகிற சாமான். கூடவே செல்போனில் செருகுகிற குட்டி வால் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனான். 2016-இல் ஆப்பிள் தன் ஐபோன் 7-இலிருந்து ஹெட்போன் ஓட்டையை எடுத்துவிட்டது அல்லவா? அதற்கப்புறம் ஒவ்வொரு கம்பெனியாக ஓட்டையை அடைக்க, இந்த வால் நம் வாழ்க்கைக்குள் வந்தது.

மாட்டிக் கேட்டேன். ராஜரத்தினம் பிள்ளை பக்கத்து ஊரில் வாசிப்பது போல் இருந்தது. சத்தத்தை முழுசாக ஏற்றியும் அப்படியே. அழகாக இருந்தது, தொலைவில் இருந்தது. தெருவில் ஒரு மினி பஸ் போனால் தோடி காணாமல் போனது.

*

ஏன் என்று பார்த்தபோதுதான் விஷயம் சுவாரசியமாகியது. இதில் இரண்டு காரணம்.

முதலாவது ஹெட்போன். ஒவ்வொரு ஹெட்போனுக்கும் ‘ஓம்’ என்று ஓர் எண் உண்டு. மின்சாரத்துக்கு அது காட்டுகிற எதிர்ப்பு. செல்போன் கடையில் வாங்குகிற இயர்போன் பெரும்பாலும் 16 அல்லது 32 ஓம். என் மருமகன் கொடுத்தது 300 ஓம். ஒரு வோல்ட் கொடுத்தால் 32 ஓம் இயர்போன் 31 மில்லிவாட் எடுத்துக்கொள்ளும். அதே ஒரு வோல்ட்டுக்கு 300 ஓம் ஹெட்போன் எடுத்துக்கொள்வது 3.3 மில்லிவாட்தான். பத்தில் ஒரு பங்கு. வீட்டில் மேஜை மேல் ஆம்ப்ளிஃபையர் வைத்துக் கேட்பதற்காகச் செய்த சாமான் அது. சம்பா நெல்லை மாடித் தொட்டியில் போட்டுவிட்டு விளையவில்லை என்று வருத்தப்பட முடியாது.

இரண்டாவது, அந்த வால். பிரான்சில் 1996-லேயே ஒரு சட்டம் போட்டார்கள். காதில் மாட்டிக் கேட்கிற கையடக்கக் கருவிகளின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று. பிற்பாடு ஐரோப்பா முழுவதற்கும் அதுபோலத் தரக்கட்டுப்பாடு வந்தது. அதனால் ஆப்பிளின் அந்தக் குட்டி வால் மற்ற நாடுகளில் சுமார் ஒரு வோல்ட் கொடுத்தால், ஐரோப்பாவில் விற்பது அதில் பாதிதான் கொடுக்கும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. பிரெஞ்சு அதிகாரிகள் கப்பலேறி அத்தனை வருஷம் கழித்து அவர்களுடைய சட்டம் ஒன்று காரைக்காலில் என் காது வரை அமலில் இருந்தது.

கணக்குப் பிடிக்காதவர்கள் இந்தப் பாராவைத் தாண்டிவிடலாம். எச்.டி.600 ஒரு வோல்ட்டுக்கு 97 டெசிபல் கொடுக்கும். வோல்ட் பாதியானால் 6 டெசிபல் குறையும். ஆக 91. இது உச்சம். சங்கீதத்தின் சராசரி உச்சத்திலிருந்து 15, 20 டெசிபல் கீழேதான் இருக்கும். ஆக எழுபது சொச்சம். அதுவும் பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த பதிவு என்றால் இன்னும் கீழே. ஹெட்போனோ பின்பக்கம் திறந்த ரகம். தெருச் சத்தம் தாராளமாக உள்ளே வரும். இதுதான் தோடி மினி பஸ்ஸிடம் தோற்ற கதை.

*

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். கடைமடை.

மேட்டூரில் ஜூன் 12-இல் திறக்கிறார்கள் என்று பேப்பரில் போடும். கல்லணைக்கு வந்து, பிரிந்து, இன்னும் பிரிந்து, அரசலாறு, திருமலைராஜன் ஆறு, நாட்டாறு என்று பேர் மாறி, எல்லாரும் எடுத்துக்கொண்டது போக மிச்சம் எங்களுக்கு. 2007-இல் நடுவர் மன்றம் புதுச்சேரிக்கு என்று ஒதுக்கியது 7 டி.எம்.சி. அது காரைக்காலுக்காகத்தான். காகிதத்தில் ஏழு. வாய்க்காலில் சில வருஷம் வந்தது, சில வருஷம் ஈரம் காட்டியது. அதனால் கடைமடைக்காரன் என்ன செய்வான்? வரப்போரம் ஓர் எஞ்சினை வைப்பான்.

ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் அந்த எஞ்சின்தான். பாட்டு எங்கோ ஸ்டூடியோவில் கிளம்பி, சர்வரில் தேங்கி, செல்போன் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் காதுக்கு வருகிறது. கடைசி மடையில் ஒரு தள்ளு.

ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையர் வந்த சத்தத்தையே ஊதிப் பெரிசாக்குவதாக நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. மதகு ஷட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். சுண்டு விரல் கனத்துக்கு ஒரு சக்கரத்தைத் திருப்புகிறோம்; பின்னால் தேங்கி நிற்கிற தண்ணீர் பாய்கிறது. பாய்வது விரலின் பலமா? ஏரியின் பலம். ஆம்ப்ளிஃபையரில் ஏரி, பேட்டரி. ஷட்டர், டிரான்சிஸ்டர். செல்போனிலிருந்து வருகிற நோஞ்சான் சிக்னல், ஷட்டரை ஏற்றி இறக்குகிற விரல். விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை. பேட்டரியின் மின்சாரம் அந்த விரல் ஆடியபடியே ஆடி வெளியே வருகிறது. நமக்குக் கேட்பது அசல் இல்லை. அசலைப் பார்த்து பேட்டரி வரைந்த பெரிய படம். நல்ல ஆம்ப்ளிஃபையர் என்றால் படத்தில் சொந்தச் சரக்கு சேர்க்காதது. அவ்வளவுதான் இலக்கணம்.

*

கடைக்குப் போனேன். எங்கள் ஊரில் இரும்புப் பெட்டி ஆம்ப்ளிஃபையர், கார் ஆம்ப்ளிஃபையர், ஹோம் தியேட்டர் எல்லாம் கிடைக்கும். கடைப் பையன் உற்சாகமாக வந்தான்.

‘‘எத்தனை வாட்ஸ் சார் வேணும்?’’

‘‘அரை வாட் போதும்ப்பா.’’

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். ‘‘அரை வாட்டா? அதுக்கு எதுக்கு சார் ஆம்ப்ளிஃபையர்?’’

நியாயமான கேள்வி. கல்யாண மண்டபத்துக்கு ஐந்நூறு வாட் கேட்கிற ஊரில் அரை வாட் ஒரு விண்ணப்பமா? ஆனால் காதுக்கும் ஹெட்போனுக்கும் நடுவே ஒரு விரல்கடை இடம்தான். மில்லிவாட்டே அங்கே மகாராஜா. என் ஹெட்போனுக்கு 3.3 மில்லிவாட் கொடுத்தால் 97 டெசிபல் என்றேனே, அந்தச் சத்தத்தில் தினம் எட்டு மணி நேரம் வேலை பார்க்கச் சொன்னால் எந்த நாட்டுத் தொழிற்சாலைச் சட்டமும் விடாது.

சென்னை போனபோது ரிச்சி தெருவில் சுற்றினேன். அங்கே நாலைந்து கடைகளில் ‘ஹெட்போன் ஆம்ப்’ என்றதும் ஸ்டூடியோக்களுக்கான பெரிய பெட்டியைக் காட்டினார்கள். சட்டைப் பைக்கு இல்லை. கடைசியில் கூரியரில் வரவழைத்தேன். ஃபியோ என்கிற சீனக் கம்பெனி. 2007-இல் குவாங்சோவில் ஆரம்பித்தார்கள். ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. அந்தக் காசுக்கு ஒரு நடுத்தரச் செல்போன் வாங்கலாம் என்பது வீட்டுக் கணக்கு.

இந்தக் குட்டிப் பெட்டிகளுக்கு ஒரு நல்ல சரித்திரம் உண்டு. 1998-இல் சூ மோய் என்கிற அமெரிக்கர், ஒன்பது வோல்ட் பேட்டரியும் ஒரே ஒரு ஐ.சி.யும் கொஞ்சம் உதிரிகளும் வைத்து ஒரு பாக்கெட் ஆம்ப்ளிஃபையர் வரைபடத்தை வெளியிட்டார். காசு கேட்கவில்லை. அது அப்படியே ஆல்டாய்ட்ஸ் என்கிற பெப்பர்மிண்ட் தகர டப்பாவுக்குள் அடங்கியது. உலகம் பூராவும் காலேஜ் பையன்கள் பெப்பர்மிண்ட்டைத் தின்றுவிட்டு டப்பாவில் ஆம்ப்ளிஃபையர் செய்தார்கள். 2011-இல் இன்னொருவர் வந்தார். பேர் சொல்லவில்லை. ஒரு புனைபெயர் மட்டும். ‘ஓ2’ என்று ஒரு டிசைன் கொடுத்தார். பல மடங்கு விலையுள்ள பெட்டிகளுக்கு அது சளைத்ததல்ல என்பதை வாதம் பண்ணிச் சொல்லவில்லை. கருவி வைத்து அளந்து காட்டினார். கம்பெனிக்காரர்களுக்குக் கோபம் வந்தது. அடுத்த வருஷமே ஆள் காணாமல் போய்விட்டார். யார், என்ன, தெரியாது. டிசைன் மட்டும் இருக்கிறது. சித்தர் சமாசாரம் மாதிரி இல்லை?

*

சரி, எப்படி இருந்தது?

இந்தக் கடலோரத்தில் ஆம்ப்ளிஃபையரே தேவைப்படாத குரல்கள் இருந்தன. நாகூர் ஹனிபா இங்கிருந்து கூப்பிடு தூரம். அவர் பாடினால் மைக்குக்குத்தான் சிரமம். ‘காரைக்கால் அம்மையார்’ என்றதும் உங்களில் பலருக்கு 1973-இல் வந்த ஏ.பி.நாகராஜனின் படமும் கே.பி.சுந்தராம்பாளும்தான் ஞாபகம் வரும். அந்த அம்மாளும் கிட்டப்பாவும் நாடகம் நடத்திய காலத்தில், கொட்டகையின் கடைசி பெஞ்சுக்காரனுக்குக் கேட்கவில்லை என்றால் நடிகருக்கு வேலையில்லை. உச்ச ஸ்தாயி அன்றைக்கு அலங்காரம் இல்லை. பிழைப்பு.

நாயனமும் அப்படித்தான். வீதியில் சாமி புறப்பாட்டுக்கு நாலு தெரு தள்ளிக் கேட்க வேண்டும். அதனால்தான் குட்டையாக, உச்ச சுருதியில் திமிரி நாயனம். எங்கள் பக்கத்துத் திருமருகலில் 1898-இல் பிறந்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைதான் நீளமான, சுருதி இறங்கிய பாரி நாயனத்தைப் பரவலாக்கினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்தார். கச்சேரி மேடையும் மைக்கும் வந்த காலத்துக்கு அது பொருத்தமாக அமைந்தது. ஆம்ப்ளிஃபையர் வந்ததும் மனுஷன் கத்துவதை நிறுத்திப் பேச ஆரம்பித்தான் என்று இதைச் சொல்லலாம்.

அவருடைய தோடியை இந்தப் பெட்டி வழியாகக் கேட்டேன். இசைத்தட்டுக் காலத்துப் பதிவு. ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம். நாயனம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. அதை விட எனக்குப் பெரிசாகப் பட்டது வேறு. ஒரு நீண்ட பிடிக்கு முன்னால் அவர் மூச்சு இழுப்பது கேட்டது. 1956-இல் காலமானவர். அந்த மூச்சு வந்து போனதும் வாசிப்பைச் சற்று நிறுத்திவிட்டேன்.

உண்மையையும் சொல்லிவிட வேண்டும். ஊசி உராய்கிற ‘கர்ர்’ என்ற சத்தமும் கூடவே பெரிசாகத்தான் வந்தது. பெட்டி நல்லது கெட்டது பார்ப்பதில்லை. பதிவில் இல்லாததைக் கொண்டுவரவும் முடியாது. விளம்பரங்களில் ‘திரை விலகியது’ என்றெல்லாம் எழுதுவார்கள். திரை எதுவும் விலகவில்லை. போதாமல் இருந்த சத்தம் போதும் என்றானது. சத்தம் போதும் என்றானதும் நான் உற்றுக் கேட்க ஆரம்பித்தேன். பாதி வித்தை அதில் இருக்கிறது.

*

எனக்கு ஒரு பழைய நண்பர் இருக்கிறார். திருநள்ளாறு பக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் மைக் செட் வாடகைக்கு விட்டவர். எங்கள் கொம்யூனில் அவர் குழாய் கட்டாத திருவிழா கிடையாது. வயசு எழுபத்தைந்து. இப்போதெல்லாம் பேசும்போது டி.வி.க்குப் போட்டியாகப் பேசுகிறார். பொங்கலுக்கு வந்திருந்தார். பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

‘‘இதா ஆம்ப்ளிஃபையர்? என் ஆம்ப்ளிஃபையரோட ஃபியூஸே இதை விடப் பெரிசா இருக்கும் தம்பி.’’

ஹெட்போனை மாட்டிவிட்டேன். பழைய இசைத்தட்டு வேண்டாம், சுத்தமாகப் பதிவு செய்த சமீபத்திய நாயனக் கச்சேரி ஒன்றைப் போட்டேன். கண்ணை மூடித் தலையாட்டினார். தொழில் பழக்கம், கை தானாகக் குமிழுக்குப் போனது. கொஞ்சம் ஏற்றினார். இன்னும் கொஞ்சம். திறந்த ரக ஹெட்போன் என்பதால் எதிரே உட்கார்ந்த எனக்கே தவில் கேட்டது.

‘‘அண்ணே, போதும்ண்ணே.’’

அவர் கண்ணைத் திறந்து, கொஞ்சம் உரக்கவே கேட்டார். ‘‘தவிலு நல்லா வருது. நாயனம் வருது. ஏன் தம்பி, இவங்க தாளம் போடலையா?’’

தாளம் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். குமிழை நான் இறக்கிய பிறகும் அந்த வெண்கலச் சத்தம் வெளியில் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. ‘‘போடுறாங்கண்ணே’’ என்றேன். அவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் பேசவில்லை. காபி ஆறிப்போனது.

பிறகு சொன்னார். ‘‘அப்பல்லாம் என் ஆம்ப்ளிஃபையர் குமிழ்ல சிவப்பு பெயிண்ட்டுல ஒரு கோடு போட்டு வச்சிருப்பேன். வேலைக்கு இருக்கிற பசங்க கோட்டைத் தாண்டித் திருப்பிட்டா, குழாய்ல யூனிட் எரிஞ்சுபோயிடும். ஒரு யூனிட் என்ன விலை! யூனிட்டுக்குக் கோடு போட்டேன் தம்பி. காதுக்குப் போடலை.’’

*

நம் காதுக்குள் நத்தைக் கூடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு காதிலும் சுமார் பதினைந்தாயிரம் மயிர் செல்கள். பேர்தான் மயிர்; வேலை சத்தத்தை மின்சாரமாக மாற்றுவது. சுருளின் வாசல் பக்கம் இருப்பவை உச்ச சுருதியைக் கேட்பவை, உள்ளே போகப் போகக் கீழ் சுருதி. எந்தச் சத்தம் வந்தாலும் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். வயசாலும் சரி, இரைச்சலாலும் சரி, பெரும்பாலும் முதலில் தேய்வது வாசல் பக்கம். ஆற்றில் கடைமடை காயும். காதில் தலைமடை காய்கிறது. தவில் மிஞ்சுகிறது, தாளம் போய்விடுகிறது. பேச்சில் ‘ச’, ‘த’, ‘ப’ போய்விடுகின்றன. ‘சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கன்னு புரியலை’ என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

மனுஷனுக்கு அந்த செல்கள் திரும்ப முளைப்பதில்லை. கோழிக்கு முளைக்கும். நமக்கு இல்லை.

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். பெரியவர்களுக்கு அது பாதுகாப்பு. 3 டெசிபல் ஏற்றினால் நேரம் பாதி. 83 என்றால் 20 மணி, 86-க்கு 10, 89-க்கு 5, 92-க்கு இரண்டரை மணி நேரம், அதுவும் வாரம் பூராவுக்கும் சேர்த்து. குழந்தைகளுக்கு ஆரம்பமே 75. நம் நாட்டில் 2000-இல் வந்த ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று சொல்கின்றன. அவை தெருவுக்கு. காதுக்குள் நாமே மாட்டிக்கொள்கிற ஸ்பீக்கருக்கு போலீஸ் வரமாட்டார்.

ஆக, பையில் போட்டிருக்கிற இந்தச் சாமான் சாதுவில்லை. அந்தப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏழாயிரம் ரூபாய் கொடுத்து நான் தாண்டியிருக்கிறேன். அது எதற்காகப் போட்டார்கள் என்று நண்பர் காபி ஆறிய நேரத்தில் எனக்குப் புரிந்தது.

அடுத்த வாரம் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஆடியோகிராம் எடுத்தார்கள். காகிதத்தில் கோடு இடப்பக்கம் சமதளமாக ஓடி, பாதியில் தொப்பென்று விழுந்திருந்தது. காது மெஷின் எழுதித் தந்தார்கள். ‘‘அதான் தம்பிகிட்ட இருக்கே, இதையே மாட்டிக்கிட்டா என்ன?’’ என்று டாக்டரிடம் என் பெட்டியைக் காட்டிக் கேட்டார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் எல்லாச் சுருதியையும் ஒரேயடியாக ஏற்றும். நல்லா இருக்கிற தவிலையும் சேர்த்து ஏற்றி, மிச்சம் இருப்பதையும் கெடுக்கும். காது மெஷின் எது குறைந்ததோ அதை மட்டும் ஏற்றும்; திடீரென்று பெரிய சத்தம் வந்தால் தானே அடக்கும். பேர் இரண்டுக்கும் ஆம்ப்ளிஃபையர்தான். அது வெள்ளப் பாசனம், இது சொட்டு நீர்.

2021-இல் சென்ஹைசர் கம்பெனியின் ஹெட்போன் பிரிவை சோனோவா என்கிற சுவிஸ் கம்பெனி வாங்கியது. 2022 மார்ச்சில் கைமாறியது. சோனோவா யார் என்றால், உலகத்தின் பெரிய காது மெஷின் தயாரிப்பாளர்களில் ஒருவர். ஹெட்போனுக்கும் காது மெஷினுக்கும் ஒரே முதலாளி. வியாபாரிகள் நம்மை விடத் தூரம் பார்க்கிறார்கள்.

*

நீங்களும் வாங்குவதாக இருந்தால் சில வார்த்தை.

உங்களுடையது ப்ளூடூத் ஹெட்போனா? இந்தப் பக்கமே வரவேண்டாம். அதற்குள்ளேயே குட்டி ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. வெளியில் இன்னொன்று செருக அவசியம் இல்லை.

ஒயர் ஹெட்போன் என்றால் பெட்டியில் ஓம் எத்தனை என்று பாருங்கள். 16, 32 என்றால் செல்போனே பெரும்பாலும் போதும். காசு மிச்சம். 150, 250, 300 என்றால் யோசிக்கலாம். ஓம் குறைவாக இருந்தும் நிறையத் தின்கிற சில ரகங்கள் உண்டு. அதனால் ‘சென்சிட்டிவிட்டி’ என்று போட்டிருக்கும் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். அது குறைந்தால் பசி அதிகம்.

கடையில் கேட்டுப் பார்க்க முடிந்தால், முதலில் பாட்டுப் போடாமல் கேளுங்கள். சும்மா இருக்கும்போதே ‘ஸ்ஸ்’ என்றால் வேண்டாம். ‘அவுட்புட் இம்பிடென்ஸ்’ என்று ஒன்று இருக்கும். அது ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கட்டும். ‘கெய்ன்’ என்கிற ஸ்விட்சைக் கீழேயே வையுங்கள். ‘பேஸ் பூஸ்ட்’ இருந்தால் ஒரு தடவை போட்டுப் பார்த்து, சிரித்துவிட்டு அணைத்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், நாற்பதைத் தாண்டியவர் என்றால் ஓர் ஆடியோகிராம். வெளியில் எடுத்தாலும் சில நூறு ரூபாய்தான். கால் மணி நேரம். சத்தம் போதவில்லை என்று தோன்றினால் குறை கருவியிலா காதிலா என்று தெரிந்துகொண்டு பர்ஸைத் திறப்பது நல்லது. கருவியில் என்றால் ஆம்ப்ளிஃபையர். காதில் என்றால் டாக்டர்.

நண்பர் காது மெஷினுக்கு ஒருவழியாகப் பழகிவிட்டார். முதல் மாசம் பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்கே வீட்டை விட்டு ஓடினார். போன வாரம் மாட்டிக்கொண்டு வந்து, என் ஸ்பீக்கரில் அதே கச்சேரியைப் போடச் சொன்னார். கேட்டுவிட்டு, ‘‘கொஞ்சம் தகரத்துல தட்டுற மாதிரி இருக்கு. ஆனா தாளம் வருது தம்பி’’ என்றார். அது போதும்.

கிளம்பும்போது வீட்டுக்காரியிடம் சிவப்பு நெயில் பாலிஷ் இருக்கிறதா என்று கேட்டு வாங்கினார். என் ஆம்ப்ளிஃபையரைப் பிடுங்கி, என்னை ஹெட்போனை மாட்டிக்கொள்ளச் சொல்லி, கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து சாதாரணக் குரலில் பேச ஆரம்பித்தார். பேசிக்கொண்டே குமிழை ஏற்றினார். அவர் பேசுவது எனக்குப் புரியாமல் போன இடத்தில் நிறுத்தி, ஒரு நூல் கீழே இறக்கி, அங்கே ஒரு கோடு போட்டார். முப்பது வருஷக் கை. கோடு நேராக விழுந்திருக்கிறது.